பின்னல் கயிறு மக்கர் பண்ணுதா? அறிகுறிய வெச்சு கோளாறை புடிக்கிற வழி

கயிறு அறுந்துச்சுன்னா நம்மாளுங்க மொத வேலையா கடைக்குப் போய் "இதவிட மொத்தமா ஒண்ணு குடுங்கண்ணே"ன்னு கேப்பாங்க. வாங்கிட்டு வந்து அதே கப்பியில, அதே கூர் விளிம்புல, அதே முடிச்சு போட்டு மாட்டுவாங்க, கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் அதே எடத்துல பட்டுனு போகும். பின்னல் கயிறு பலம் பத்தாம அறுந்து போறது ரொம்ப கம்மிங்க. பெரும்பாலும் அது தொட்டுக்கிட்டு இருந்த பொருள்தான் குத்தவாளி: கப்பி, கிளாம்ப், ஷாஃப்ட், இன்னொரு கயிறு, இல்லன்னா வெயில். அதனால கீழ வர்ற ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் மொத கேக்கப்போற கேள்வி, இது எங்க எதை தொட்டுச்சுங்கறதுதான்.

இது கயிறோட நிக்கல. பம்புக்குள்ள திணிக்கிற கிளாண்ட் பேக்கிங், ஜேசிபி ஹைட்ராலிக் ஹோஸ், வண்டி இன்ஜின் எர்த் பட்டை, டிஷ் கேபிள், சால்டர் உறிஞ்சுற செம்பு விக், தூண்டில் பிரெய்டு எல்லாமே பின்னல்தான். கோளாறும் ஒரே குடும்பத்து கோளாறுதான், அதான் எல்லாத்தையும் சேத்து எழுதறேன்.

கொஞ்சம் அடிப்படை, இது புரிஞ்சா பாதி கோளாறு நீங்களே புடிச்சிடுவீங்க. முறுக்கு கயிறுல எல்லா புரியும் ஒரே பக்கமா முறுக்கியிருக்கும், அதனால லோடு ஏறினா முறுக்கு அவிழப் பாக்கும், தொங்கற மூட்டை சுத்தும். பின்னல் அப்படி இல்ல. பின்னல் கோலாட்டம் பாத்திருக்கீங்கல்ல, மேல இருந்து தொங்கற கயிறுங்கள ஆளுக்கு ஒண்ணா புடிச்சுக்கிட்டு பாதிப்பேர் இந்தப்பக்கமும் பாதிப்பேர் எதிர்ப்பக்கமும் உள்ள புகுந்து வெளிய வந்து சுத்துவாங்களே, பின்னல் மெஷினும் அச்சு அசல் அதேதான் பண்ணுது, ஆளுக்கு பதிலா நூல் கண்டுங்க எட்டு வடிவ தடத்துல ஓடும். 1748லயே மான்செஸ்டர்ல தாமஸ் வால்ஃபோர்டுங்கறவர் இந்த மாதிரி மெஷினுக்கு பேடன்ட் எடுத்துட்டாரு. பாதி நூல் இடஞ்சுழி, பாதி வலஞ்சுழி, ரெண்டு முறுக்கும் ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிடுது, அதான் லோடு சுத்தாது.

இதுல இருந்து ரெண்டு குணம் வருது. ஒண்ணு, பின்னலை இழுத்தா ஒல்லியாகி உள்ள இருக்கறதை இறுக்கும், அமுக்கினா குண்டாகும். ரெண்டாவது, நூலு நூலை தாண்டற ஒவ்வொரு எடத்துலயும் உரசல் இருக்கு, உரசல்னா சூடு, தேய்மானம். பின்னலோட பலமும் வியாதியும் அந்த தாண்டற எடம்தான்.

எச்சரிக்கை ஒண்ணு: ஆள் தொங்குற கயிறுல, அதாவது மலையேற்றம், பெயின்ட் அடிக்க கட்டடத்துல இறங்கறது, கிணத்துல ஆளை இறக்கறது, இதுல எல்லாம் சந்தேகம்னு வந்துட்டா ரிப்பேரே கிடையாது, அந்த கயிறை வெட்டி போட்டுடுங்க. வெட்டாம மூலையில வெச்சா வேற யாராவது எடுத்து கட்டிக்குவாங்க.

முதல்ல கையில இருக்கறது என்னன்னு தெரியல

ரெண்டு பக்கமும் புடிச்சு நடுவுக்கு தள்ளிப் பாருங்க. வாய் தொறந்து உள்ள வெறும் குழாயா இருந்தா அது வெத்து பின்னல், 8 புரி இல்ல 12 புரி இருக்கும். உள்ள இன்னொரு பின்னல் தெரிஞ்சா டபுள் பிரெய்டு. உள்ள வெள்ளையா நீள நீளமா நூல் கட்டு இருந்து மேல மட்டும் பின்னின உறை இருந்தா கெர்ன்மேன்டல், மலையேறுறவங்க கயிறு, 1953ல ஜெர்மனி எடெல்ரிட் கம்பெனி கொண்டு வந்தது.

நூல் என்னன்னு பாக்க ஒரு துண்டை வெட்டி காத்து இல்லாம நல்லா நனைச்சு தண்ணியில போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன் (அடர்த்தி 0.91) இல்ல டைனீமா வகை, அதாவது ரொம்ப பலமான பாலிஎத்திலீன் நூல் (0.97). முங்கினா நைலான் (1.14) இல்ல பாலியஸ்டர் (1.38). இது ஏன் முக்கியம்னா உருகற சூடு ஒவ்வொண்ணுக்கும் வேற: டைனீமா சுமார் 150 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், பாலிப்ரொப்பிலீன் 165 பக்கம், பாலியஸ்டர் 260 பக்கம். விலை அதிகம்னா சூடும் அதிகம் தாங்கும்னு நெனைக்காதீங்க, டைனீமா விஷயத்துல நேர் எதிர். கெவ்லார் மாதிரி அராமிட் நூல் உருகவே உருகாது, கருகத்தான் செய்யும், ஆனா வெயில் பட்டா போச்சு, திரும்பத் திரும்ப மடிச்சாலும் போச்சு.

கயிறு மேல பஞ்சு பஞ்சா நூல் கிளம்புது

முழு நீளத்துக்கும் லேசா, ஒரே சீரா பஞ்சு மாதிரி இருந்தா பயப்படாதீங்க. மேல் இழைங்க உடைஞ்சு எழும்பி நிக்குது, அதுவே உள்ள இருக்கறதுக்கு மெத்தை மாதிரி ஆயிடும், அப்புறம் பஞ்சு கூடறது நின்னுடும். அதை லைட்டர் வெச்சு பொசுக்கி "நீட்" பண்ற பழக்கம் சில பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஒரே எடத்துல மட்டும் பஞ்சா இருந்தா அந்த எடம் எதை தொடுதுன்னு போய் விரலை ஓட்டிப் பாருங்க. ஜீப்பு வின்ச்ல (கயிறை டிரம்ல சுத்தி வண்டியை இழுக்கற மெஷின்) இரும்பு வயர் ரோப்பை கழட்டிட்டு டைனீமா கயிறு போட்டவங்களுக்கு இது அடிக்கடி வரும், ஏன்னா பழைய ரோலர்ல வயர் ரோப் போட்ட வெட்டு, பிசிறு எல்லாம் அப்படியே இருக்கும், புது கயிறை ரம்பம் மாதிரி அறுக்கும். கப்பியும் அதே கதைதான். பிசிறை அரத்தால தேய்ச்சு எமரி தாள் போட்டு வழவழன்னு ஆக்கிட்டு தான் புது கயிறு மாட்டணும், இல்லன்னா ரோலரையே மாத்திடுங்க.

எப்ப தூக்கிப் போடணும்? 12 புரி கயிறுல பக்கத்து பக்கத்துல 2 புரி அறுந்திருந்தா, இல்ல தேய்ஞ்சு புரியோட மொத்தத்துல கால்வாசி போயிருந்தா அந்த பாகம் முடிஞ்சுது. கெர்ன்மேன்டல்ல மேல் உறை வழியா உள்ள இருக்க வெள்ளை தெரிஞ்சாலே முடிஞ்சுது.

ஒரு எடம் மட்டும் பளபளன்னு, கெட்டியா இருக்கு

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. பளபளப்பு ரெண்டு விதமா வரும். டிரம்ல அமுங்கி, கப்பியில அமுங்கி இழைங்க படிஞ்சு போய் வர்ற பளபளப்பு ஒண்ணு. இது டைனீமாவுல ரொம்ப சகஜம், அந்த எடத்தை கையில புடிச்சு முன்னும் பின்னும் நாலு தடவை மடக்கி விடுங்க, புரி பிரிஞ்சு மெதுவாயிடும், கயிறுக்கு ஒண்ணும் ஆகல. இன்னொண்ணு நெஜமாவே உருகினது. மடக்கினாலும் மெதுவாகாது, இழைங்க ஒட்டிக்கிட்டு பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், சில சமயம் நகத்தால கீறினா செதிலா வரும். அந்த பாகம் போச்சு, வெட்டணும்.

உருகினா சூடு எங்க இருந்து வந்துச்சுன்னு தேடுங்க. கயிறு மேல கயிறு ஓடியிருக்கும், இதான் முதல் சந்தேகம். நிக்கிற நைலான் பட்டை மேலயோ கயிறு மேலயோ இன்னொரு கயிறு லோடோட ஓடினா, உரசல் மொத்தமும் நிக்கிறதோட ஒரே எடத்துல விழுது, சில நொடியில அறுத்துட்டு போயிடும். அடுத்தது வின்ச். பல வின்ச்ல பிரேக் டிரம்முக்கு உள்ளயே இருக்கு, வண்டியை லோடோட கீழ இறக்கும்போது மோட்டாரை ஓட்டி கயிறு விட்டா பிரேக் சூடாகி டிரம்மே கொதிக்கும், முதல் சுத்து கயிறு உருகும். மேல சுத்துங்க எல்லாம் புதுசு மாதிரி இருக்கும், அடியில பாத்தா அவிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டு கிடக்கும், அதனால கயிறை கடைசி சுத்து வரைக்கும் பிரிச்சு பாருங்க. தீர்வு, அடி சுத்துக்கு சூடு தாங்குற உறை போட்ட கயிறு, அதோட லோடை இறக்கும்போது நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி இறக்கறது.

மேல் உறை நழுவி நுனியில சுருங்கி நிக்குது

புது கெர்ன்மேன்டல்ல கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நடுவுல இருந்து நுனி வரைக்கும் கையால இறுக்கி உருவி விடுங்க, நுனியில வெறும் உறையா தொங்கறதை வெட்டிட்டு, சூடு வெச்சு உறையையும் உள்ளேயும் சேத்து ஒட்டிடுங்க. திரும்பத் திரும்ப வந்தா கயிறு ஓடற சாதனம் சின்னது, இல்ல கிளாம்ப் பல்லு உறையை மட்டும் புடிச்சு இழுக்குது. டபுள் பிரெய்டுல இது வந்தா சாதாரணமா விடாதீங்க, ஏன்னா அதுல உறையும் உள் பின்னலும் லோடை பங்கு போட்டுக்கணும், உறை தளர்ந்து உள்ள இறுகினா உள் பின்னல் தனியா தூக்குதுன்னு அர்த்தம்.

வெளிய நல்லா இருக்கு, ஒரு எடத்துல தொட்டா உள்ள காலி மாதிரி இருக்கு

கயிறை விரல் வழியா மெதுவா ஓட விட்டு, அடிக்கு ஒரு தடவை வளையமா மடிச்சுப் பாருங்க. எல்லா எடத்துலயும் உருண்டையா வளையும். ஒரு எடத்துல மட்டும் சப்பையா, சட்டுனு மடங்கினா உள்ள இருக்கறது அறுந்திருக்கு. மருந்து கிடையாது, அங்க வெட்டுங்க, மிச்சம் ரெண்டு சின்ன கயிறா வெச்சுக்கலாம்.

கயிறு சுருண்டு சுருண்டு முறுக்கிக்குது

பின்னல்தான் முறுக்காதேன்னு சொன்னீங்களேன்னு கேப்பீங்க. தானா முறுக்காது, நாமதான் முறுக்குறோம். கண்டை படுக்க வெச்சு பக்கவாட்டுல இருந்து சுத்து சுத்தா உருவினா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு கயிறுல ஏறும். முழங்கையில வட்டமா சுத்தி வைக்கறதும் அதேதான். கண்டுல ஒரு குச்சியை விட்டு உருட்டி எடுங்க, வைக்கும்போது எட்டு வடிவமா போடுங்க, இல்ல சும்மா ஒரு பையில குப்பை மாதிரி திணிச்சுடுங்க, சொன்னா நம்ப மாட்டீங்க, திணிச்சது சிக்கே இல்லாம வரும்.

ஏறின முறுக்கை எடுக்க மாடியில இருந்து முழுசா தொங்க விட்டு தானா சுத்தி அடங்க விடுங்க. முறுக்கு அழகுப் பிரச்சனை மட்டும் இல்ல. பின்னலை முறுக்கினா ஒரு பக்கத்து நூலுங்க இறுகும், எதிர்ப்பக்கத்து நூலுங்க தளரும், அப்ப பாதி கயிறுதான் லோடை தூக்குது. இதே காரணத்துக்குத்தான் முறுக்கு கயிறையும் பின்னல் கயிறையும் ஒண்ணா சேத்து லோடு ஏத்தக்கூடாது, முறுக்கு கயிறு அவிழும்போது தன் முறுக்கை எல்லாம் பின்னலுக்கு தள்ளி விட்டுடும்.

முடிச்சு நழுவுது, இல்ல முடிச்சுகிட்டயே அறுகுது

முடிச்சு போட்டாலே பலம் குறையும், இது எல்லா கயிறுக்கும். போலைன்ங்கற கண்ணி முடிச்சு போட்டா மூணுல ஒரு பங்கு கிட்ட போயிடும், சாதா ஒத்தை முடிச்சுல பாதியே போயிடும். வளைவோட வெளிப்பக்க நூலுங்க மட்டும் இழுபடறதுதான் காரணம். நல்லா போட்ட ஸ்ப்ளைஸ்ல, அதாவது முடிச்சு போடாம கயிறை கயிறுக்குள்ளயே கோத்து சேக்கறதுல, 90 சதவீதத்துக்கு கிட்ட நிக்கும்.

டைனீமா வேற ரகம். நூலு வழுவழுன்னு இருக்கும், நைலான்ல நிக்கிற முடிச்சு இதுல உருவிக்கிட்டு வந்துடும். முடிச்சை மறந்துட்டு ஸ்ப்ளைஸ் கத்துக்கங்க. வெத்து பின்னல்ல அது சுலபம்: நுனியை வளைச்சு கண்ணி விட்டு, நுனியை கயிறு வயித்துக்குள்ளயே நுழைச்சு புதைச்சுடறது. இழுக்க இழுக்க வெளி பின்னல் ஒல்லியாகி உள்ள இருக்கறதை இறுக்கி புடிச்சுக்கும், நான் சொன்ன முதல் குணம். புதைக்கிற நீளத்துலதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்றாங்க. டைனீமா 12 புரிக்கு கம்பெனிங்க பரவலா சொல்றது விட்டத்துல 72 மடங்கு, அதாவது 10 மி.மீ. கயிறுன்னா 72 செ.மீ. உள்ள போகணும். உங்க கயிறுக்கு கம்பெனி வேற கணக்கு குடுத்திருந்தா அதையே எடுத்துக்கங்க.

போட்ட ஸ்ப்ளைஸ் நழுவுதுன்னா மூணு எடம் பாருங்க. நீளம் பத்தல, இல்ல நுனியை படிப்படியா ஒல்லியாக்காம மொட்டையா விட்டிருக்கீங்க (அப்ப நழுவறதோட, மொட்டை முடியற எடத்துல வெளி பின்னல் சட்டுனு வளைஞ்சு அங்கயே அறும்), இல்ல கழுத்துல தையல் போடல. லோடு இருக்கும்போது ஸ்ப்ளைஸ் தானா புடிக்கும், லோடு இல்லாம ஆடிக்கிட்டு இருக்கும்போதுதான் உருவும், அதை தடுக்கத்தான் அந்த நாலு தையல்.

தூண்டில் பிரெய்டு, முடிச்சும் அவிழுது, ரீல்லயும் சுத்துது

மீன் இழுக்குது, ஹேண்டில் சுத்துறீங்க, டிராக் (ரீலோட பிரேக்) எவ்ளோ இறுக்கினாலும் நரம்பு போயிட்டே இருக்குன்னா ரீல் கெட்டுப் போகல. ஸ்பூல் மேல பிரெய்டு மொத்தமா வழுக்கி சுத்துது. அடியில கொஞ்சம் தங்கூசி (ஒத்தை இழை நைலான் நரம்பு) சுத்திட்டு அதுமேல பிரெய்டை கட்டி ஏத்துங்க, தங்கூசி ஸ்பூலை கவ்விக்கும். கொக்கிக்கு பலோமர் முடிச்சு போடுங்க, தங்கூசியில போடற சுத்து முடிச்சை அப்படியே இதுல போட்டா அவிழும். பெரிய மீன் இழுத்ததுல நரம்பு கீழ் அடுக்குக்குள்ள புதைஞ்சு அடுத்த வீச்சுல டக்குனு நிக்குதுன்னா மொத ஏத்தும்போது தளர்வா ஏத்தியிருக்கீங்க, ஈரத்துணியில புடிச்சு இறுக்கி ஏத்தணும். அப்புறம் பிரெய்டை கையில சுத்திக்கிட்டு இழுக்காதீங்க, விரல் வெட்டும்.

கட்டினது தொய்ஞ்சுக்கிட்டே போகுது

நைலான்னா மழை வந்தா தொய்யும், தண்ணி குடிக்கும், நனைஞ்சா பலத்துலயும் 10-15 சதவீதம் குறையும், அது சுபாவம். துணிக்கொடி, பந்தல், தார்ப்பாய்க்கு பாலியஸ்டர் போடுங்க. டைனீமாவை எப்பவும் இழுபட்டு நிக்கிற எடத்துல கட்டி விட்டா வேற மாதிரி வரும், நாள் ஆக ஆக நிரந்தரமா நீண்டுக்கிட்டே போகும், வெயில் சூட்டுல இன்னும் வேகமா. இறுக்கி இறுக்கி கட்டறது வேஸ்ட், அந்த எடத்துக்கு அது கயிறே இல்ல.

நைலான் இழுபடறது கெட்ட குணம்னும் சொல்ல முடியாது. சேத்துல மாட்டின வண்டியை இன்னொரு வண்டி ஓடி வந்து இழுக்கும்போது அந்த இழுவைதான் அதிர்ச்சியை வாங்கிக்குது. ஆனா அதே இழுவை அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி வரும், கொக்கி கழண்டா அது குண்டு. நேர் கோட்டுல யாரும் நிக்கக்கூடாது.

தொட்டா மாவு மாதிரி உதிருது

போர்வெல் மோட்டாருக்கு கட்டுற பாலிப்ரொப்பிலீன் கயிறுல பாத்திருப்பீங்க. குழிக்குள்ள இருக்கற கயிறு புதுசு மாதிரி, மேல கிளாம்புல கட்டின ரெண்டடி மட்டும் உதிரும். வெயில் வேலை. மோட்டாரை தூக்கறதுக்கு முன்னாடி அந்த மேல் பாகத்தை நம்பாதீங்க, குழிக்குள்ள இருக்கற நல்ல கயிறுல புடி போட்டு தூக்குங்க. இனிமே மேல் பாகத்தை பைப்புக்குள்ளயோ சாக்கு சுத்தியோ மறைச்சு வெச்சா போதும்.

உதிராம, வெறுமனே கம்பி மாதிரி விறைச்சிருந்தா உப்பும் மண்ணும்தான், சோப்புத் தண்ணியில ஊற வெச்சு அலசி நிழல்ல காய வைங்க. பேட்டரி பக்கத்துல வெச்சிருந்த நைலான் கயிறுன்னா அலசிட்டு கூட நம்பாதீங்க, ஆசிட் பட்டது கண்ணுக்கு தெரியாமலே இருக்கும்.

பம்பு கிளாண்ட்ல தண்ணி கொட்டுது, இல்ல புகையுது

இனி கயிறு இல்லாத பின்னலுங்க. இதுல கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா பம்பு வெச்சிருக்க எல்லாருக்கும் இது வரும், பத்துல எட்டு பேர் நட்டை இறுக்கியே ஷாஃப்ட்டை கெடுக்கறாங்க.

கிளாண்ட் பேக்கிங்கறது சதுரமா பின்னின கயிறு. நட்டு இறுக இறுக அமுங்கி, பக்கவாட்டுல குண்டாகி ஷாஃப்ட்டை ஒட்டி அடைக்கும். ஆனா சுத்தற ஷாஃப்ட் மேல ஒட்டினா சூடு வருமே, அந்த சூட்டை கொண்டு போறது கசியற தண்ணிதான். அதனால கிளாண்ட் சொட்டணும். நிமிஷத்துக்கு 40-60 சொட்டுங்கறது பொதுவான கணக்கு. சொட்டே இல்லன்னா அது நல்ல பம்பு இல்ல, வெந்துக்கிட்டு இருக்க பம்பு.

கொட்டுதுன்னா உடனே பழசு மேல ஒரு புது துண்டை திணிக்காதீங்க. எல்லா வளையத்தையும் வெளிய எடுத்து வரிசையா தரையில வைங்க, அதுவே கதை சொல்லும். ஷாஃப்ட்டை தொட்ட உள்பக்கம் கருகியிருந்தா தண்ணி போகாம இறுக்கியிருக்கீங்க. வெளிப்பக்கம் தேய்ஞ்சிருந்தா அளவு தப்பு, பேக்கிங் ஷாஃப்ட்டோட சேந்து சுத்தியிருக்கு. நட்டு பக்கத்து வளையங்க மட்டும் நசுங்கி உள் வளையங்க புதுசு மாதிரி இருந்தா மொத்தத்தையும் ஒரே தள்ளா தள்ளி இறுக்கினது. ஒரு வளையத்தோட பக்கத்துல புடைப்பு இருந்தா அடுத்த வளையத்தை குட்டையா வெட்டியிருக்கீங்க, அந்த இடைவெளிக்குள்ள இது பிதுங்கியிருக்கு. எல்லாம் சரியா இருந்தும் மாத்தின ஒரு வாரத்துல கொட்டுதுன்னா ஷாஃப்ட் ஸ்லீவ்ல (ஷாஃப்ட் மேல மாட்டியிருக்க குழாய் உறை) விரலை ஓட்டுங்க, பள்ளம் தட்டுப்படும், அதை மாத்தாம எத்தனை பேக்கிங் போட்டாலும் அது தின்னுட்டு போயிட்டே இருக்கும். பேரிங் ஆட்டத்தையும் பாத்துக்கங்க.

மாத்தறப்ப அளவு: உள் ஓட்டை விட்டத்துல ஷாஃப்ட் விட்டத்தை கழிச்சு ரெண்டால வகுங்க. ஓட்டை 70, ஷாஃப்ட் 50ன்னா 10 மி.மீ. பேக்கிங். அதே ஷாஃப்ட் அளவு பைப்புல சுத்தி வெட்டுங்க, நேரா நீட்டி அளந்து வெட்டினா வளையம் குட்டையாயிடும். ஒவ்வொரு வளையமா உள்ள தள்ளி தட்டி உக்கார வெச்சுட்டு அடுத்தது, வெட்டின வாய் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வராம 90 டிகிரி தள்ளித் தள்ளி. நடுவுல லேன்டர்ன் ரிங் (பேக்கிங்குக்கு தண்ணி விடற ஓட்டை போட்ட வளையம்) இருந்தா தண்ணி வர்ற ஓட்டைக்கு நேரா நிக்குதான்னு பாருங்க. நட்டை கை இறுக்கத்துல விட்டுட்டு பம்பை ஓட்டுங்க. மொத நல்லா ஊத்தும், ஊத்தட்டும். பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு நட்டையும் சமமா, ஒரு நட்டு முகம் அளவுக்கு மட்டும் திருப்பிக்கிட்டே வாங்க. பொறுமை இல்லாதவங்க இந்த எடத்துலதான் 5 நிமிஷத்துல முடிச்சுட்டு போயிடறாங்க. பழைய பம்புல அஸ்பெஸ்டாஸ் கயிறு இருந்தா நல்லா நனைச்சுட்டு எடுங்க, அந்த தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கடி வெடிக்குது

ரப்பர் குழாயை கம்பிப் பின்னல்தான் புடிச்சு வெச்சிருக்கு. பின்னல் கோணம் குழாய் நீளவாக்குக்கு 54.7 டிகிரி பக்கம் இருந்தா பிரஷர் ஏறினாலும் நீளமும் மாறாது, விட்டமும் மாறாது. அதவிட கோணம் கம்மியா இருந்தா பிரஷர்ல குண்டாகி குட்டையாகும், அதிகமா இருந்தா நீளும். (இந்த குட்டையாகற குணத்தையே வெச்சு 1950கள்ல ஜோசப் மெக்கிபன் காத்துல இயங்குற செயற்கை தசை பண்ணினார், போலியோ வந்த தன் மகளுக்காக.) நடைமுறையில ஹோஸ் பிரஷர்ல 2 சதவீதம் நீளவும் 4 சதவீதம் சுருங்கவும் அனுமதி உண்டு. அதனால மீட்டர் ஹோஸ் 4 செ.மீ. வரைக்கும் சுருங்கலாம், விறைப்பா நேரா மாட்டினீங்கன்னா ஃபெரூல்கிட்ட (ஹோஸ் நுனியை ஃபிட்டிங்கோட அமுக்கி புடிக்கிற இரும்பு வளையம்) உருவிக்கும். கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டுங்க.

வெடிச்ச எடத்தை பாருங்க. ஃபெரூலை ஒட்டி வளைவோட வெளிப்பக்கம்னா வளைவு ரொம்ப சின்னது. ஹோஸ் மேல அச்சடிச்ச கோடு நேரா போகாம சுத்திக்கிட்டு போகுதுன்னா நட்டு இறுக்கும்போது ஹோஸையும் சேத்து முறுக்கிட்டாங்க, அப்ப கயிறுல சொன்ன அதே வியாதி, பாதி கம்பிதான் வேலை செய்யும். நடுவுல வெடிச்சு கம்பி துருவா இருந்தா மேல் ரப்பர் எங்கயோ உரசி கிழிஞ்சு தண்ணி போயிருக்கு, புது ஹோஸ் போடறதுக்கு முன்னாடி அந்த உரசற எடத்துக்கு கிளாம்ப் போடுங்க. கம்பி பளிச்சுனு இருந்து நெறைய எடத்துல நுனி நுனியா உடைஞ்சிருந்தா பிரஷர் அடி ஜாஸ்தி, கம்பி கம்பியை தாண்டற எடத்துல ஒண்ணை ஒண்ணு அறுத்திருக்கு. அந்த லைனுக்கு பின்னல் ஹோஸ் பத்தாது, கம்பியை தாண்ட விடாம அடுக்கடுக்கா சுத்தின ஸ்பைரல் ஹோஸ் கேளுங்க.

ஊசி முனை கசிவு தேடறப்ப கையை மட்டும் வைக்காதீங்க. அட்டையை காட்டி தேடுங்க. அந்த எண்ணெய் தோலை துளைச்சு உள்ள போகும், வெளிய சின்ன புள்ளிதான் தெரியும், அப்படி ஆனா வலி இல்லாட்டியும் உடனே ஆஸ்பத்திரி.

செல்ஃப் அடிச்சா இழுக்குது, பேட்டரி புதுசு

இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல ஆடிக்கிட்டு இருக்கு, அதை பாடியோட சேக்கறது ஒரு செம்புப் பின்னல் பட்டை. அது பச்சை பூத்து இழை இழையா அறுந்திருக்கும், யாரும் பாக்க மாட்டாங்க, பேட்டரி, செல்ஃப் மோட்டார்னு மாத்திட்டு இருப்பாங்க. மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு ஒரு முனையை பேட்டரி மைனஸ் முனையிலயும் இன்னொண்ணை இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புலயும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா ஓகே, 0.5 தாண்டினா எர்த் பாதை சரியில்ல, பட்டையையும் அது போல்ட் ஆகற எடத்தையும் பாருங்க. இன்னொரு அறிகுறி, ஆக்சிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சூடாகும், ஏன்னா கரன்ட்டு போக வேற வழி இல்லாம அது வழியா போகுது.

மழைக்கு அப்புறம் டிஷ் சிக்னல் போகுது

தாண்டற எடங்களுக்கு நடுவுல இருக்க சந்து தண்ணியை திரி மாதிரி உறிஞ்சும். கனெக்டர்ல ஒரு சொட்டு புகுந்தா பின்னல் வழியா கேபிளுக்குள்ள ரொம்ப தூரம் போயிடும். (ஆபரேஷன் தையல்லயும் இதே பிரச்சனை, பின்னின நூல் வழியா கிருமி ஊறும்னுதான் அழுக்கு காயத்துக்கு ஒத்தை இழை நூல் போடறாங்க.) நுனியை மட்டும் வெட்டி புது கனெக்டர் போட்டா அடுத்த வாரம் திரும்ப வரும். கருத்த பின்னல் முடிஞ்சு பளிச்சுனு வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே போங்க, வெளிய இருக்க கனெக்டருக்கு ரப்பர் டேப் சுத்துங்க, கனெக்டருக்கு முன்னாடி கேபிளை ஒரு தொய்வு விடுங்க, தண்ணி அங்கயே சொட்டிடும்.

மழையே இல்ல, இப்பதான் புதுசா கனெக்டர் போட்டீங்க, சுத்தமா சிக்னல் இல்லன்னா பின்னல்ல இருந்து முடி அளவு இழை ஒண்ணு நடு கம்பியை தொட்டுக்கிட்டு இருக்கும். எல்என்பிக்கு (டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்க சிக்னல் வாங்குற பெட்டி) போற 13/18 வோல்ட் அங்கயே ஷார்ட் ஆகுது. பாக்ஸை ஆஃப் பண்ணிட்டு கனெக்டரை கழட்டி, பின்னலை எல்லாம் பின்னாடி மடிச்சு விட்டு திரும்ப போடுங்க.

சால்டர் விக் உறிஞ்சவே மாட்டேங்குது

உறிஞ்சறதுதான் இதோட வேலையே, மேல இருக்கற அதே சந்துதான். செம்பு மங்கி பழுப்பா ஆயிருந்தா உறிஞ்சாது. நுனியை வெட்டிட்டு ஃப்ளக்ஸ் தடவுங்க, முக்கால்வாசி நேரம் அவ்ளோதான். அப்பவும் வரலன்னா அயர்ன் நுனி ஊசியா இருக்கும், பட்டையான நுனி மாத்தி விக்கை முழு அகலத்துக்கும் அமுக்குங்க, அது மேல வெச்சு தேய்க்காதீங்க, போர்டுல இருக்க பேட் உரிஞ்சு வந்துடும்.